சீரகத் தண்ணி கொதிக்கிற நேரம்

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. பத்தரை மணி இருக்கும், வெளியே தூறல். கோபியிலிருந்து சத்தி போகிற ரோட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி எங்கள் அம்மா வீடு. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த தங்கச்சி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "இடுப்பப் புடிச்சு இழுக்குதுக்கா" என்றாள். 35-வது வாரம்.

நான் செல்போனைத் தேடினேன். அம்மா அடுப்படிக்குப் போனார்.

"எதுக்கு இப்பவே போனு? சித்த இரு. சீரகத் தண்ணி வெச்சுத் தர்றேன், குடிக்கட்டும். சூட்டு வலியா இருந்தா அமுங்கிரும். நெச வலின்னா இன்னும் எச்சாகும். அப்பறம் கெளம்பிக்கலாம்."

வடச்சட்டியில் சீரகம் பொரிகிற சத்தம் கேட்டது.

நான் பி.பார்ம். படித்தவள். பெருந்துறைப் பக்கம் சின்னதாக ஒரு மெடிக்கல் வைத்திருக்கிறேன். கர்ப்பப்பைத் தசை எப்படிச் சுருங்குகிறது, எதைக் கொடுத்தால் இளகுகிறது என்பதையெல்லாம் ஒரு காலத்தில் எலியை வைத்துப் படித்தேன். ஆனால் சொந்தத் தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அடுப்படியில் நடப்பது வைத்தியமா, சோதனையா, வெறும் தாமதமா என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு வராத பேச்சை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அம்மாவின் பக்குவம். மூன்று விரலால் அள்ளுகிற சீரகம் இரண்டு தடவை. எண்ணெய் விடாமல் வறுத்து, படபடவென்று வெடிக்கும்போது இரண்டு டம்ளர் தண்ணி ஊற்றி, ஒரு டம்ளராக வற்றவிட வேண்டும். துளி கருப்பட்டி. பொறுக்கிற சூட்டில் குடிக்க வேண்டும். அம்மாவுக்கு இது அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, சொல்லிக்கொடுத்தது. அம்மாயி ஏழு பிள்ளை பெற்றவர், ஏழும் வீட்டில். எங்கள் ஊரில் மட்டும் இருக்கிற பழக்கமும் அல்ல இது. தமிழ்நாடு முழுக்கச் சரக்கு மாறி மாறி இருக்கிறது. சில வீடுகளில் சோம்பு, சில வீடுகளில் சீரகத்தோடு ஒரு துண்டு சுக்கு.

இதை மருந்து என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் இது மருந்தே அல்ல, ஒரு பரீட்சை. வலியைப் போக்குவதற்காக அம்மாயி கொடுக்கவில்லை. எந்த வலி என்று கண்டுபிடிக்கக் கொடுத்தார். பொய் வலியாக இருந்தால் அடங்கும், மெய் வலியாக இருந்தால் ஏறும். கேட்பதற்கு எவ்வளவு கச்சிதம்! ஆனால் மருந்தியல் படித்தவளுக்கு இங்கேதான் உறுத்தும். ஒரு சரக்கு தசையை இளக்குகிறது என்றால் இரண்டு வலியையும் குறைக்க வேண்டும். முறுக்குகிறது என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும். ஆளைப் பார்த்து ஒன்றை அமர்த்தி இன்னொன்றை ஏற்றிவிடுகிற புத்தி சீரகத்துக்கு எங்கிருந்து வந்தது?

வந்திருக்கவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. கர்ப்பப்பை விசித்திரமான தசை. கைகால் தசை நரம்பு சொன்னால்தான் அசையும். இது அப்படியல்ல, தன் பாட்டுக்குத் துடிக்கும். வெளியே எடுத்து, சரியான உப்புக் கரைசலில், சரியான சூட்டில், காற்றுக் குமிழி விட்டு வைத்தால் ஒரு துண்டு மணிக்கணக்கில் தானாகச் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். செல்லுக்குள் கால்சியம் நுழைந்தால் சுருக்கம், வெளியேறினால் தளர்ச்சி. கர்ப்பம் முழுக்க புரோஜெஸ்டிரான் என்கிற ஹார்மோன் அதை அடக்கி வைத்திருக்கிறது. பிரசவம் நெருங்க நெருங்கத் தசைச் செல்களுக்கு இடையே புதுசாக வாசல்கள் திறக்கின்றன. அதுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துடித்தவை, ஒன்று இழுத்தால் எல்லாம் இழுக்கிற மாதிரி ஆகிவிடுகின்றன. தசையைச் சுருங்கச் சொல்கிற ஹார்மோனான ஆக்ஸிடோசினை வாங்கிக்கொள்கிற ஏற்பிகளும் பலமடங்கு பெருகுகின்றன. அதனால் ஐந்தாம் மாதத்தில் அசையாத கர்ப்பப்பை, அதே அளவு ஆக்ஸிடோசினுக்கு பத்தாம் மாதத்தில் ஆடிவிடும். நாட்களைப் பொறுத்து ஆளே மாறிவிடுகிற தசை அது.

அந்த ஆக்ஸிடோசின் கதையும் ஒரு சாறிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. 1906-ல் ஹென்றி டேல், மாட்டின் பிட்யூட்டரி சுரப்பிச் சாறு பூனையின் கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பதைக் கண்டு எழுதினார். சாறில் எது அந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்து, ஒன்பது அமினோ அமிலங்களைக் கோத்து 1953-ல் ஆய்வகத்திலேயே செய்தவர் வின்சென்ட் டு விக்னோ. 1955-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. இன்றைக்கு எந்தப் பிரசவ வார்டிலும் ட்ரிப்ஸில் ஏறுகிற மருந்து அது. சாறிலிருந்து மருந்துக்கு வர கிட்டத்தட்ட ஐம்பது வருஷம். சீரகம் இன்னும் சாறு நிலையிலேயே நிற்கிறது.

என் சாறுக் கதைக்கு வருகிறேன்.

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் படித்தேன். அப்போதெல்லாம் மருந்தியல் செய்முறை வகுப்புக்கு உண்மையான எலி, உண்மையான உறுப்பு. இப்போது பெரும்பாலும் கணினித் திரையில் பொம்மைக் கோடுதான், நல்லதே. எங்கள் காலத்தில் உருளையில் காகிதம் சுற்றி, மண்ணெண்ணெய்ப் புகையில் கரியேற்ற வேண்டும். அந்தக் கரியில் ஒரு மெல்லிய முள் உரசி வெள்ளைக் கோடு போடும். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது எல்லார் மூக்கும் கறுத்திருக்கும். எலிக்கு முந்தின நாளே ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டிருப்பார்கள், அப்போதுதான் தசை மருந்துக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும். எலியின் கர்ப்பப்பை இரண்டு கொம்பாகப் பிரிந்திருக்கும். ஒரு கொம்பை வெட்டி, நூல் கட்டி, கண்ணாடிக் குழாயில் தொங்கவிட்டு, டி ஜலோன் என்கிற உப்புக் கரைசல் ஊற்றுவோம். கரைசலில் கால்சியம் குறைவு, சூடும் 37 டிகிரி கிடையாது, 30-ஐ ஒட்டித்தான். அப்படி வைத்தால்தான் தசை தன் பாட்டுக்குத் துடிப்பதை விட்டுவிட்டு, நாம் போடுவதற்கு மட்டும் பதில் சொல்லும்.

மூன்றாம் வருஷம். எனக்குள் ஒரு கிறுக்கு. அம்மாயி தண்ணியைச் சோதித்துப் பார்த்தால் என்ன? விடுதி மெஸ்ஸில் சொல்லி சீரகத் தண்ணி வைத்து, பிளாஸ்கில் கொண்டுபோனேன். கொடுத்த வேலை முடிந்த பிறகு சாரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "போட்டுப் பாரும்மா" என்றார்.

ஆக்ஸிடோசின் போட்டதும் முள் விருட்டென்று ஏறியது. கழுவினேன். சீரகத் தண்ணி 2 மில்லி ஊற்றிவிட்டு அதே அளவு ஆக்ஸிடோசின் போட்டேன். முள் பாதிதான் ஏறியது.

நான் குதிக்காத குறை. அன்றைக்கே வீட்டுக்குப் போன் பண்ணி, அம்மாயி சொன்னது நிஜம் என்று சொல்ல வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். சார் கோட்டைப் பார்த்தார். கேட்டது ஒரே கேள்வி: "வெறுந்தண்ணி போட்டுப் பாத்தியா?"

போடவில்லை. போட்டேன். அதே 2 மில்லி, கொதிக்கவைத்து ஆறின குடிதண்ணி. முள் பாதிதான் ஏறியது.

காரணம் பெரிய ரகசியமில்லை. குழாய் கொள்வதே 20 மில்லி. அதில் 2 மில்லி வெறுந்தண்ணி போனால் உப்பு நீர்த்துவிடும், ஏற்கெனவே குறைவாக இருக்கிற கால்சியம் இன்னும் குறையும், சூடும் இறங்கும். தசை தளர இவ்வளவு போதும். "இதுக்கு நேர்மாறாவும் ஏமாத்தும்" என்று சார் அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். எந்த இலை, விதை, வேரை வேகவைத்தாலும் சாறில் பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் கூடினால், கர்ப்பப்பை, குடல் மாதிரி வழுவழுத் தசை எதுவாக இருந்தாலும் சுருங்கும். ஆகவே "இந்த மூலிகைச் சாறு கர்ப்பப்பையைச் சுருக்குகிறது" என்று யாராவது எழுதியிருந்தால், சுருக்கியது மூலிகையா வெறும் உப்பா என்று முதலில் கேட்க வேண்டும். வாய் வழியாகக் குடிக்கிற கஷாயத்துப் பொட்டாசியம் கர்ப்பப்பையை அந்த அளவில் போய்ச் சேருவதே இல்லை.

அந்தக் கரிக்காகிதத்தை அரக்குக் கரைசலில் நனைத்துக் காயவைத்து ரொம்ப நாள் வைத்திருந்தேன். வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது.

ஆனால் மசாலாச் சாமான்களுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது, ஒழுங்காகச் செய்து பார்த்தும் இருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், அது நம்முடைய சீரகத்தில் இல்லை, அதன் பேரைப் பங்குபோட்டுக்கொண்ட இரண்டில் இருக்கிறது. சீரகம், பெருஞ்சீரகம், கருஞ்சீரகம் என்று தமிழில் மூன்றுக்கும் ஒரே பேர் வைத்துவிட்டோம். பெருஞ்சீரகம் என்பது சோம்பு. சீரகமும் சோம்பும் கொத்தமல்லி குடும்பம். கருஞ்சீரகம் இவர்களுக்கு எந்த உறவும் இல்லாத வேறு குடும்பத்துச் செடி. வாட்ஸப்பில் வருகிற செய்திகளில் இந்த மூன்றும் பிசைந்த சோறாக வரும்.

சோம்பு எண்ணெயை 2001-ல் வெளியான ஓர் ஆய்வில் எலிக் கர்ப்பப்பை மேல் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸிடோசினால் வருகிற சுருக்கம், கர்ப்பப்பையைச் சுருக்குகிற இன்னொரு பொருளான புரோஸ்டாகிளாண்டின் இ2-வால் வருகிற சுருக்கம் இரண்டின் பலமும் குறைந்தது. ஆனால் எத்தனை தடவை சுருங்குகிறது என்ற எண்ணிக்கை புரோஸ்டாகிளாண்டின் விஷயத்தில் மட்டுமே குறைந்தது, ஆக்ஸிடோசின் விஷயத்தில் குறையவில்லை. இந்த மாதிரி நுணுக்கம் வந்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். வெறும் நீர்த்துப்போன உப்புத் தண்ணியாக இருந்தால் இப்படி ஆள் பார்த்து வேலை செய்யாது. கருஞ்சீரகத்தின் எண்ணெயை 1996-லேயே எலி, கினிப்பன்றி இரண்டின் கர்ப்பப்பையிலும் பார்த்திருக்கிறார்கள். தானாகத் துடிப்பதும் அடங்கியது, ஆக்ஸிடோசின் போட்டு வருகிற சுருக்கமும் அடங்கியது.

கருஞ்சீரகம் இளக்குகிறது! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் என் கடைக்கு மாதத்தில் ரெண்டு பேராவது தயங்கித் தயங்கி வந்து, "நாள் தள்ளிப்போச்சுங்க, கருஞ்சீரகம் சாப்ட்டா வந்துருமுங்களா?" என்று கேட்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் கருஞ்சீரகமும் எள்ளும் வாங்கி, ஒரு வாரம் தின்று பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள். சூடு, அதனால் இறக்கிவிடும் என்பது கணக்கு. கண்ணாடிக் குழாயில் அதன் எண்ணெய் நேர்மாறாக நடந்துகொள்கிறது. குழாயில் இளக்குவதால் கர்ப்பிணிகள் அள்ளித் தின்னலாம் என்றும் ஆகாது. தாளிக்கிற அளவு வேறு, மருந்தாகச் சாப்பிடுகிற அளவு வேறு. ஆனால் நாள் தள்ளிப்போனவளுக்கு அந்த ஒரு வாரம் வீண். கருக்கலைப்பு, 1971-ல் வந்த சட்டத்தின்படி, இந்த நாட்டில் மருத்துவரிடம் செய்துகொள்ளக்கூடிய விஷயம். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு சுலபம். இதைக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று சன்னமான குரலில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

மாதவிலக்கு வலிக்கு வந்தால் கதை வேறு. அங்கே சமையலறைக்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம். அந்த வலியைக் கிளப்புவது புரோஸ்டாகிளாண்டின், அதைச் சுரக்கவிடாமல் செய்வது இஞ்சியின் வேலைகளில் ஒன்று. 2009-ல் வெளியான ஈரான் ஆய்வு ஒன்றில் 150 மாணவிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இஞ்சித் தூள் 250 மில்லிகிராம் தினம் நாலு வேளை, மற்ற இரண்டு பிரிவுக்கு மெஃபனமிக் ஆசிட், ஐபுபுரூஃபன் என்கிற வலி மாத்திரைகள் என்று மூன்று நாள் கொடுத்தார்கள். மூன்றும் ஏறத்தாழ ஒரே மாதிரி வலியைக் குறைத்தன. தூரமான நாளில் அம்மாயி கொடுத்த சுக்குக் காப்பியை நான் மூக்கைச் சுளித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் ஊற்றியிருக்கிறேன். அது நான் செய்த தப்பு.

சரி, எண்ணெய் இளக்குகிறதே, அப்படியானால் கஷாயமும் இளக்குமே என்று கேட்கலாம். அங்கேதான் அடுப்பு குறுக்கே வருகிறது. சோம்புக்கு அந்த வாசனையைக் கொடுக்கிற அனெத்தோலும், சீரகத்துக்கு வாசனை கொடுக்கிற குமினால்டிஹைடும் சட்டென்று ஆவியாகிறவை, தண்ணியில் அவ்வளவாகக் கரையாதவை. எண்ணெய் எடுக்கிறவர்கள் மூடின பாத்திரத்தில் நீராவியோடு ஓட்டி, குளிரவைத்துப் பிடிக்கிறார்கள். நாம் திறந்த வடச்சட்டியில் வறுத்து, இரண்டு டம்ளரை ஒரு டம்ளராக வற்றவிடுகிறோம். சீரகத் தண்ணி கொதித்தால் வாசல் வரைக்கும் மணக்கும். வாசல் வரைக்கும் மணக்கிறதே, அந்த மணம்தான் மருந்து. டம்ளருக்கு வந்தது மிச்சம்.

சீர் அகம், அதனால் சீரகம் என்று ஒரு பெயர்விளக்கம் எல்லா மேடையிலும் சொல்வார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஜீரகம் என்ற வடசொல் தமிழ் வாய்க்கு வந்த வடிவம். சரக்கும் வடக்கத்திச் சரக்குதான். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறோம், மஞ்சள் ஏலத்தில் நாமும் விலை சொல்கிறோம். சீரகத்துக்கு மட்டும் குஜராத்து ஊஞ்சா சந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே விளையாத ஒரு விதை, எங்கள் பக்கத்துப் பிரசவ அறைகளில் இவ்வளவு அதிகாரம் எடுத்துக்கொண்டது எப்படி என்று யோசித்திருக்கிறேன்.

அதிகாரம் சீரகத்துக்கு அல்ல, கூட வருகிற மற்ற இரண்டுக்கு என்று இப்போது நினைக்கிறேன். ஒன்று தண்ணி. இன்னொன்று, அதை வற்றவைக்க ஆகிற நேரம்.

பொய் வலியைப் பற்றி 1872-ல் எழுதியவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர். இன்றைக்கும் அவர் பேரில்தான் மருத்துவர்கள் அதைச் சொல்கிறார்கள். ஒழுங்கில்லாமல் வரும், எழுந்து நடந்தாலோ திரும்பிப் படுத்தாலோ போய்விடும், தண்ணி குடிக்காமல் வெயிலில் திரிந்த அன்றைக்குக் கூடுதலாக வரும். கர்ப்பப்பை வாய் திறக்காது. மெய் வலி அப்படியல்ல, இடைவெளி குறைந்துகொண்டே வரும், பலம் கூடிக்கொண்டே போகும், எதைக் குடித்தாலும் நிற்காது. உடம்பில் தண்ணி குறைந்தால் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனைக் கூடுதலாக விடும். அதுவும் ஆக்ஸிடோசினும் ஒரே சுரப்பியிலிருந்து வருகிற அக்கா தங்கச்சி, ஒன்பது அமினோ அமிலங்களில் ஏழு இரண்டுக்கும் பொது. தங்கச்சி வேலையை அக்காவும் கொஞ்சம் செய்துவிடுகிறாள் என்பது ஒரு விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாதம் நிறையாமல் வலி வந்த பெண்களுக்கு ட்ரிப்ஸில் தண்ணி ஏற்றிப் பார்த்த ஆய்வுகளைத் திரட்டினபோது, வெறுமனே படுக்கவைத்ததைவிடப் பெரிதாக எந்த லாபமும் தெரியவில்லை. தண்ணிக்கும் நான் நினைத்த அளவு மகிமை இல்லை.

மிஞ்சுவது நேரம். சீரகத்தைத் தேடி எடுத்து, வறுத்து, வற்றவிட்டு, ஆற்றி, ஊதி ஊதிக் குடித்து, "இப்ப எப்படி இருக்குது சாமி?" என்று கேட்பதற்குள் முக்கால் மணி, ஒரு மணி நேரம். பொய் வலி அதற்குள் தானாக அடங்கியிருக்கும். மெய் வலி அதற்குள் தானாக ஏறியிருக்கும். டம்ளரில் எது இருந்திருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். அந்தக் காலத்தில் வீட்டில் சுவர்க்கடிகாரம் கிடையாது, கைக்கடிகாரமும் கிடையாது. அவசரப்பட்டு மருத்துவச்சியை நடு ராத்திரி இட்டேரிப் பாதையில் கூட்டிவந்துவிட்டு, வலி நின்றுபோனால் கேலி. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு மணி நேரத்தை அளந்து கொடுத்த கருவி அந்த வடச்சட்டி. அம்மாயியைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. சாருடைய கேள்வியை அம்மாயியிடம் கேட்டிருந்தால், "வெறுந்தண்ணியக் குடுத்துப்போட்டு ஒரு மணிநேரம் எவடி சும்மா உக்காந்திருப்பா?" என்றுதான் சொல்லியிருப்பார். அதுவும் சரிதான்.

ஆனால் இந்தக் கடிகாரத்தில் ஒரு பெரிய ஓட்டை. மாதம் நிறைந்தவளுக்கு ஒரு மணி நேரம் காத்திருப்பதும், நிறையாதவளுக்குக் காத்திருப்பதும் ஒன்றல்ல.

பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் பெரியம்மா மகளுக்கு 33-வது வாரத்தில் வலி வந்தது. சீரகத் தண்ணி கொடுத்தார்கள். வலி குறைந்தது. சூட்டு வலி என்று எல்லாரும் நிம்மதியாகப் படுத்துத் தூங்கிவிட்டார்கள். விடிகாலையில் பனிக்குடம் உடைந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பிறந்துவிட்டான். மூச்சுக்குக் கஷ்டப்பட்டு மூன்று வாரத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். இப்போது ஓடியாடுகிறான், கடைக்கு வந்தால் மிட்டாய் கேட்காமல் இருமல் மருந்தின் அளவுமூடியைக் கேட்கிறான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ராத்திரியே போயிருந்தால், 34 வாரத்துக்குள் வருகிற தாய்க்குப் போடுகிற ஸ்டீராய்டு ஊசியைப் போட்டிருப்பார்கள். குழந்தையின் நுரையீரலை முன்கூட்டியே பக்குவப்படுத்துகிற ஊசி. வேலை செய்ய அதற்குச் சில மணி நேரமாவது வேண்டும், ஒரு நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்த நேரத்தைத்தான் நாங்கள் தூங்கிக் கழித்தோம்.

அந்த ஊசி வந்த வழியும் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர், பிரசவ வலியை ஆரம்பித்துவைப்பது தாயா குட்டியா என்று செம்மறி ஆடுகளை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். வயிற்றுக் குட்டிக்கு ஸ்டீராய்டு ஏற்றினால் ஆடு மாதத்துக்கு முன்பே ஈன்றது. அப்படிப் பிறந்த குட்டி செத்திருக்க வேண்டும், ஆனால் மூச்சு விட்டது. நுரையீரல் விரிந்திருந்தது. தேடினது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. ஹவி என்ற மருத்துவரோடு சேர்ந்து தாய்மார்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1972-ல் வெளியிட்டார். பட்டியில் ஆடு ஈன்றதைப் பார்த்து வளர்ந்த எவருக்கும், குறைமாதக் குட்டி மூச்சுக்குத் திணறுவது தெரியும். அதிலிருந்து இப்படி ஒன்று வந்திருக்கிறது.

இதையெல்லாம் அந்த ஐப்பசி ராத்திரி அடுப்படியில் நின்று சொல்லவா முடியும்? "37 ஆகலீங்கம்மா, போயே ஆகோணும்" என்று மட்டும் சொன்னேன். காரை எடுக்க மாப்பிள்ளையை எழுப்பினேன். தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் வலி வருகிற நேரத்தை எழுத ஆரம்பித்தேன். 10.40, 10.52, 11.15, 11.21, 11.50. அம்மாவும் விடவில்லை. கார்க் கதவைத் திறக்கும்போது எவர்சில்வர் டம்ளரோடு வந்து நின்றார். தங்கச்சி நின்ற வாக்கில் மடக் மடக்கென்று குடித்துவிட்டு ஏறினாள். 11.55.

ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். கர்ப்பப்பை வாய் மூடியே இருந்தது. இரண்டு மணி நேரம் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் அம்மா முகத்தில் ஒரு வெற்றி. "குடிச்சதுக்கப்பறம் ஒரு வலியாச்சும் வந்துதா? நான் சொன்னனல்லோ." நான் காலண்டர் தாளைக் காட்டினேன். குடிக்கும் முன்பே இடைவெளி தாறுமாறாகத்தான் இருந்தது, கடைசியில் அரைமணி நேரம் வரை போய்விட்டது, தானாக அடங்கிக்கொண்டிருந்த வலிதான் என்றேன். அம்மா தாளைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார்.

"11.55-க்கு அப்பறம் ஒண்ணுமே இல்லையே" என்றார்.

இல்லைதான். தாளில் அப்படித்தான் இருக்கிறது. ஒரே ஒரு ராத்திரியை வைத்துக்கொண்டு அம்மாவும் ஜெயிக்க முடியாது, நானும் ஜெயிக்க முடியாது. வெறுந்தண்ணி குடித்த இன்னொரு தங்கச்சி எனக்கு வேண்டும். எனக்கு இருப்பது ஒருத்திதான்.

நாலு வாரம் கழித்து, கார்த்திகையில் ஒரு விடிகாலை போன் வந்தது. நான் பெருந்துறையிலிருந்து போய்ச் சேருவதற்குள் அம்மாவும் மாப்பிள்ளையும் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பிரசவ அறை வாசலில் நர்ஸம்மா சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"வலி எப்பங்கம்மா ஆரம்பிச்சுது?"

அம்மா சுருக்குப் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து நீட்டினார். அம்மாவின் கையெழுத்து, பென்சிலில். 1.05, 1.20, 1.34, 1.45, சீ.த., 1.55, 2.04, 2.12.

நர்ஸம்மா விரலை வைத்துக்கொண்டே வந்து நடுவில் நிறுத்தினார். "இதென்னங்கம்மா, சீ.த.?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அது சும்மா தண்ணிங்க."